லெத்வேயில் நிற்கிறவன் குத்துச்சண்டையில் ஏன் தோற்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ரங்கூன் தாம்வேயில் இருக்கிறோம். இரண்டு வருடமாக லெத்வே என்ற பர்மியப் பாரம்பரியச் சண்டை பழகுகிறான். அதே கூடத்தில் வாரம் இரண்டு நாள் கையுறை போட்டுக் குத்துச்சண்டையும் பழகுகிறான். கை வேகமாக இருக்கிறது, தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிவரை போவான் என்று அவனுடைய சயா, அதாவது பயிற்சி ஆசான், சொல்கிறார். ஆனால் வெளிநாடு போகும் நம் குத்துச்சண்டைக்காரர்கள் பெரும்பாலும் முதல் சண்டையிலேயே தோற்றுத் திரும்புகிறார்களே, ஏன்? இரண்டையும் சேர்த்துப் பழகலாமா? அடுத்த மாதம் பகோடா திருவிழாப் பந்தயத்தில் இறக்குவதற்காக நான்கு கிலோ குறைக்கச் சொல்கிறார்கள். விடலாமா, ஐயா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விடாதீர்கள். ஏன் என்பதை முடிவில் விளக்குகிறேன்.

நம் பையன்கள் வெளியே போய்த் தோற்றால் டீக்கடையில் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள்: உடம்பில் தெம்பில்லை, சாப்பாடு போதவில்லை, தைரியம் இல்லை. முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றாவது பச்சைப் பொய். வெறுங்கையில் துணிப்பட்டி மட்டும் சுற்றிக்கொண்டு, குத்து, உதை, முழங்கை, முழங்கால், தலைமுட்டு எல்லாவற்றுக்கும் முகம் கொடுக்கும் ஆட்டம் லெத்வே. பாரம்பரிய விதியில் புள்ளிக் கணக்கே கிடையாது. ஐந்து சுற்று முடிந்து இருவரும் நின்றுகொண்டிருந்தால் சமன். விழுந்தவனுக்கு ஒருமுறை இரண்டு நிமிட அவகாசம் தந்து, தெளிய வைத்து, மறுபடி இறக்கலாம். இதில் வளர்ந்தவனுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று யாராவது சொன்னால், அவர் லெத்வே நடக்கும் ரங்கூன் தெய்ன்பியூ அரங்கத்துப் பக்கம் போனதே இல்லை என்று அர்த்தம்.

குறை எங்கே என்றால், அவன் உடம்பு வேறொரு கணக்குக்குப் பழகியிருக்கிறது. லெத்வேயில் கடைசிவரை நிற்பதே பாதி வெற்றி. ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டையில் கடைசிவரை நிற்பதற்கு யாரும் எதுவும் தருவதில்லை. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம், மொத்தம் ஒன்பது நிமிடம். ஐந்து நீதிபதிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் வென்றவனுக்குப் பத்தும் மற்றவனுக்கு ஒன்பதோ அதற்குக் கீழோ போடுவார்கள். லெத்வேயில் முதல் சுற்று எதிராளியை அளந்து பார்க்கும் சுற்று. கூட்டமும் அதைப் பொறுத்துக்கொள்ளும். நம் பையன் அதே பழக்கத்தைக் குத்துச்சண்டை மேடைக்கும் கொண்டுபோகிறான். அவன் அளந்து முடிப்பதற்குள் சண்டையில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போயிருக்கும். மிச்ச இரண்டு சுற்றையும் வென்றே ஆகவேண்டும் என்று துரத்துவான். முன்னால் இருப்பவன் பின்வாங்கிக்கொண்டே, துரத்தி வருகிறவனின் முகத்தில் இடக்கை நேர்க்குத்தை வைத்துக்கொண்டிருப்பான். நான் மேடையோரம் உட்கார்ந்து புள்ளி போட்ட காலத்தில் இந்த ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் நுணுக்கமானது தலை. லெத்வேயில் குனிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும், இல்லையென்றால் தலைமுட்டு வரும். ஆகவே குனியாதே, நிமிர்ந்து நில் என்று சிறு வயதிலிருந்தே உடம்புக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு அது சரியான பாடம். குத்துச்சண்டையில் அசையாத தலை எதிராளிக்குக் கொடுத்த பரிசு. கால்களும் அப்படித்தான். உதையைத் தடுக்க முன்காலை லேசாக வைத்து, பாரத்தைப் பின்காலில் போட்டு நிற்கிறார்கள். அந்த நிலையிலிருந்து சட்டென்று உள்ளே புகுந்து மூன்று குத்து வைத்துவிட்டு வெளியே வர முடியாது. நெருங்கினால் கட்டிப்பிடிக்கிறார்கள், லெத்வேயில் அது ஆயுதம், இங்கே நடுவரின் எச்சரிக்கைக்கும் புள்ளி இழப்புக்கும் வழி. துணிப்பட்டி சுற்றிய முஷ்டி நுழைகிற இடைவெளியில் பத்து அவுன்ஸ் கையுறை நுழையாது. அகலமாகச் சுழற்றி வீசும் குத்து கேலரிக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் கையுறையின் முட்டிப் பகுதி, தடுக்கப்படாமல், தலையின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ இடுப்புக்கு மேலே உடம்பிலோ, பலத்தோடு பட்டால்தான் நீதிபதி அதைக் குத்து என்று எடுத்துக்கொள்வார். உள்ளங்கைப் பக்கம் பட்டால் சத்தம் வரும், புள்ளி வராது.

அப்படியானால் தாய்லாந்துக்காரன் எப்படி வெல்கிறான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அவனும் உதைத்து வளர்ந்தவன்தான். 1996 அட்லாண்டாவில் சோம்லக் காம்சிங் வாங்கியது தாய்லாந்தின் முதல் ஒலிம்பிக் தங்கம், அதுவும் குத்துச்சண்டையில். அவர் சிறு வயதில் தாய்லாந்தின் உதைச் சண்டையான முவே தாய் ஆடியவர். பிறகு 2000-இல் விஜான் போன்லித், 2004-இல் மனுஸ் பூன்சும்நோங், 2008-இல் சோம்ஜித் ஜோங்ஜோஹோர் என்று நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம். நமக்கு மேற்கே அசாமில் லவ்லினா போர்கோஹைன் முவே தாயில் தொடங்கி, பிறகு குத்துச்சண்டைக்கு மாறி, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். உதை ஆட்டத்திலிருந்து வந்தது இவர்கள் யாருக்கும் தடையாக இல்லை. மாறியபோது முழுசாக மாறினார்கள், அவ்வளவுதான். தாய்லாந்து கியூபாவிலிருந்து பயிற்சியாளரை அழைத்து வந்தது. பையன்களை வருடம் முழுக்க முகாமில் வைத்தது. வென்றவனுக்குப் பணமும் பெருமையும் கொட்டிக் கொடுத்தது. திருவிழாவுக்குத் திருவிழா உதைக்கப் போய்விட்டு, போட்டி நெருங்கும்போது மட்டும் கையுறை மாட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே வெற்றியைத் தரவில்லை, இங்கேயும் தராது.

இங்கே நடந்தது ஏறத்தாழ தலைகீழ். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பர்மாவுக்காகக் குத்துச்சண்டை போட்ட ச்சா பா நியெய்ன்தான் பிற்பாடு லெத்வேக்கு நவீன விதிகள் வகுத்தவர் என்று போற்றப்படுகிறார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. லெத்வே பிழைத்தது அவரால். ஆனால் திறமை எந்தத் திசையில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இன்றும் ஓட்டம் அதே பக்கம்தான். கரேன் மாநிலத்துப் பா-ஆனில் கரேன் புத்தாண்டு என்றால் லெத்வே. மோன் பக்கத்துத் திருவிழா என்றால் லெத்வே. கூட்டம் வரும், பந்தயப் பணம் வரும், மேடைக்கு நோட்டு பறந்து வரும். அமெச்சூர் குத்துச்சண்டைக்கு யார் வருகிறார்கள்? பெற்றோரும் மற்றக் கூடங்களின் சயாக்களும். பதினேழு வயதில் கைவேகம் உள்ளவன் வீட்டுக்கு அரிசி வாங்கித் தரும் பக்கம் போனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வராது.

சண்டை எண்ணிக்கைக்கு வருவோம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இதுதான். உக்ரைனின் லோமச்சென்கோ அமெச்சூராக 396 வென்று ஒன்று தோற்றார் என்பது குத்துச்சண்டை உலகம் முழுக்கத் தெரிந்த கணக்கு. அந்த உயரம் எல்லோருக்கும் வேண்டாம். ஆனால் உஸ்பெகிஸ்தான், கஸகஸ்தான் பையன்கள் பள்ளி வயதிலேயே மாவட்டம், மாநிலம், தேசம் என்று வருடம் முழுக்க மேடை ஏறி இறங்கிவிடுகிறார்கள். நம் பையன் விரல்விட்டு எண்ணக்கூடிய போட்டிகளோடு விமானம் ஏறுகிறான். உயரமான இடதுகைக்காரனை அவன் வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பது அங்கேதான். நாம் இருப்பதோ ஆசியக் கண்டம். பாரிஸ் 2024-இல் உஸ்பெகிஸ்தான் மட்டும் ஐந்து குத்துச்சண்டைத் தங்கம் கொண்டுபோனது. பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் அங்கே வெண்கலம் வாங்கின. குலுக்கலில் முதல் சண்டைக்கே அப்படி ஒருவன் வந்து நின்றால், முதல் சண்டையிலேயே தோற்றான் என்று நாம் பேசுவதில் பாதி, குலுக்கல் சீட்டின் கதை.

முகாம் நடத்தினால் வித்தியாசம் தெரியும் என்பதை 2013 காட்டியது. தென்கிழக்காசிய விளையாட்டை நாமே நடத்திய அந்த ஆண்டு எல்லா விளையாட்டிலும் சேர்த்து 86 தங்கம். 2015 சிங்கப்பூரில் 12. 2017 கோலாலம்பூரில் 7. சொந்த மண்ணில் நமக்கு ஏற்ற ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்டதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் நீண்ட முகாம், முன்கூட்டியே திட்டம் என்றிருந்ததெல்லாம் கொடி இறங்கியதும் கலைந்துபோனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு வந்தது இன்னும் கடினமான காலம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பதினெட்டு வயதைத் தொட்ட பையன்கள் மேடையைப் பற்றி யோசிப்பதைவிட பாங்காக், பினாங்கு என்று வெளிநாட்டுக்குப் போய்விடுவதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். குத்துச்சண்டைக்காரன் முதிரத் தொடங்கும் வயதும் அதுவே.

சரி, உங்கள் மகன் விஷயம். இரண்டையும் சேர்த்துப் பழகலாமா என்றால், இன்னும் ஒரு வருடம் பழகட்டும், ஒரு நிபந்தனையோடு: தலைமுட்டுப் பயிற்சி கூடாது, தலையில் பலமாக அடிபடும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கூடாது. உதை அவன் இடுப்புக்கும் கால் பலத்துக்கும் நல்லதே. சர்வதேசக் குத்துச்சண்டையில் 15, 16 வயது ஜூனியர், 17, 18 யூத், 19 முதல் மூத்தோர். பிறந்தநாளைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைப் பார்ப்பார்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழையும் குடும்பப் பட்டியலையும் இப்போதே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் ஒரு தாளில் தமிழ்ப் பெயரும் இன்னொன்றில் பர்மியப் பெயரும் இருப்பது சகஜம். பதிவு செய்யும் நாளில் அதுவே பெரிய தலைவலியாகும். ஜூனியர் வயது வரும்போது முடிவெடுத்தே ஆகவேண்டும். லெத்வே என்று முடிவு செய்தால் அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் தென்கிழக்காசியக் குத்துச்சண்டைக் கனவை அப்போதே விட்டுவிட வேண்டும்.

குத்துச்சண்டை என்றால், சயாவிடம் மரியாதையாக இதைக் கேட்டுப் பாருங்கள்: வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு சுற்று மட்டும் நடக்கும் ஸ்பாரிங் வைக்க முடியுமா? மணி அடித்த கணத்திலிருந்து புள்ளி. வெளியே ஒரு பையன் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தோற்றவன் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். முதல் சுற்றை அளந்து பார்த்தே கழிக்கும் வழக்கத்தை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இது. அடுத்தது, இடக்கை நேர்க்குத்து. நின்ற இடத்தில் நூறு முறை குத்துவதில் பெரிய பயனில்லை. கால் நகர்ந்துகொண்டே இருக்கும்போது குத்து போகவேண்டும், குத்திய கையோடு தலை இடம் மாறவேண்டும். கயிறு ஒன்றை மார்பு உயரத்தில் கட்டி, அதன் அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து நடப்பது பழைய பயிற்சி, செலவில்லாதது. கூடத்தில் இடதுகைக்காரன் இல்லையென்றால் பக்கத்துக் கூடங்களில் தேடிப் பிடியுங்கள். தாம்வேயிலும் மிங்களா தாவுன் நியூன் பக்கமும் கூடங்களுக்குள் போட்டி அதிகம், பேச்சு குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒரு தாய் போய்க் கேட்டால் சயாக்கள் மறுக்க மாட்டார்கள்.

உலக அமைப்புகளின் சண்டையைக் கேள்விப்பட்டுப் பயப்பட வேண்டாம். பழைய சங்கமான ஐபிஏ 2023 ஜூனில் ஒலிம்பிக் அங்கீகாரத்தை இழந்தது. 2025-இல் வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்புக்குத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2028-இல் குத்துச்சண்டை உண்டு. உங்கள் மகன் வயதில் இதெல்லாம் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல.

இனி அந்த நான்கு கிலோ. வளரும் பையனின் உடம்பில் நான்கு கிலோ கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. ஒரு மாதத்தில் குறைத்தால் முதலில் போவது தண்ணீர், அடுத்து தசை. அமெச்சூர் போட்டியில் இந்தத் தந்திரம் எப்படியும் பலிக்காது. சண்டை போடும் ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். ஒரு நாள் வற்றிப்போய் ஜெயித்தவன் மறுநாளும் வற்றவேண்டும். நம் ஆட்கள் இரண்டாவது நாள் கால் கனத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீர் வற்றிய உடம்பில் தலையில் படும் அடியின் ஆபத்து கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அமெச்சூர் விதியில் தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவன் குறைந்தது 30 நாள் போட்டியும் ஸ்பாரிங்கும் தொடக்கூடாது. திருவிழா மேடையில் அவனுக்குத் தண்ணீர் தெளித்து, காதைத் தேய்த்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி நிறுத்துவார்கள். வளர்ந்த ஆண் தெரிந்தே ஏற்றுக்கொள்வது வேறு. 14 வயதில் அது கூடவே கூடாது.

அவனுக்குக் காலையில் மோஹிங்காவோ (மீன் குழம்பு நூடுல்ஸ்) இட்லியோ, கூட ஒரு முட்டை, ஒரு கிண்ணம் அவித்த பட்டாணி கொடுங்கள். எடை எங்கே போய் நிற்கிறதோ அதுவே அவன் பிரிவு. பந்தயம் நடத்துகிறவரிடம் பையனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லத் தேவையில்லை. எடை ஒத்துவரவில்லை என்று சொன்னால் போதும். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தினமும் கேட்கும் பதில்தான் அது. வேறு பையனைப் பார்த்துக்கொள்வார்கள்.