கருப்புக் கன்னி நாயின் படம் வெளிறித் தெரிவது பற்றி

தமிழ்நாட்டு வேட்டை நாய் இனமான கன்னியின் படத்தை வெளிச்சமாக்கினால் கருப்பு முடி வெளிறி, புள்ளிகளும் விழுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். படம் முழுவதன் வெளிச்சத்தையும் கூட்டாதீர்கள். படத்தைத் திருத்தும் செயலியில் ஷேடோஸ் (நிழல் பகுதிகள்) அளவை மட்டும் சிறிது உயர்த்தி, பிளாக்ஸ் (மிக இருண்ட பகுதிகள்) அளவைச் சற்றே இறக்கினால், உங்கள் கன்னி நாயின் கருப்பு முடி சாம்பலாக வெளிறுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

தாமிரபரணிக் கரையில் உச்சி வெயிலில் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பளிச்சிடும் மணலைக் கணக்கில் கொண்டு கேமரா ஒளியைக் குறைத்திருக்கும். இருளில் புதைந்த முடியைப் பிறகு நீங்கள் வலிந்து வெளிச்சமாக்கியதால்தான் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் (noise, படத்தில் விழும் தேவையற்ற துகள்கள்) வந்திருக்க வேண்டும்.

படத்தின் இருள், ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். வரைபடம் இருளைக் குறிக்கும் இடது ஓரத்தில் சுவரில் முட்டியதுபோல் குவிந்திருந்தால், அங்கே விவரம் பெரும்பாலும் இருளில் போய்விட்டது என்று பொருள். 12 அல்லது 14 பிட் ரா (RAW, கேமரா பதிந்த மூலத் தரவு) கோப்பு வைத்திருந்தால் ஓரளவு மீட்கலாம். சுருக்கிச் சேமித்த 8 பிட் ஜேபெக்கில் (JPEG) அதை எதிர்பார்க்காதீர்கள்.

கண்களுக்கு மட்டும் மாஸ்க் (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி) இட்டு ஒளியூட்டலாம். ஆனால் நிறச் செறிவான சாச்சுரேஷனைக் கூட்டினால் புருவத்துப் பழுப்புப் பொட்டு ஆரஞ்சாகிவிடும்; கன்னிக்கு அது அழகில்லை.