அப்பாவுக்குச் சர்க்கரை, மகளுக்கு ஆறு வயது: மதுரை வரும்போது வெளியே எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து காரில் மதுரைக்கு வருகிறோம். இரண்டு நாள் மதுரை, ஒரு நாள் ராமேஸ்வரம். நான், கணவர், ஆறு வயது மகள், 68 வயது அப்பா. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் போடுகிறார். போன வருஷம் குற்றாலம் போனபோது மதியச் சாப்பாடு தள்ளிப்போய், மூன்றரை மணிக்கு வழியில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். நாங்கள் மூவரும் ஃப்ரைட் ரைஸ், அப்பா தோசை. எல்லோருக்கும் ஒரே ஜக்கில் தண்ணீர். சாப்பாடு வருவதற்கு முன்பே அப்பாவுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. ஆறு மணிக்குள் எங்கள் மூவருக்கும் வாந்தி. தண்ணீர்தான் காரணம் என்கிறார் கணவர். இந்தத் தடவை எல்லா வேளைக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டே வந்துவிடலாமா? மதுரைக்கு வந்து கடையில் சாப்பிடாமல் திரும்புவதா என்று அப்பாவும் மகளும் வருத்தப்படுகிறார்கள். இரவுக் கடைகளில் சாப்பிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் (பொது மருத்துவர், மதுரை): மூன்று நாளுக்கும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். காலையில் கட்டிய சோறு மூடிய காருக்குள் மத்தியானம் வரை வெதுவெதுப்பாகக் கிடப்பதைவிட, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஹோட்டல் இட்லி எவ்வளவோ மேல். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி பதில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று தண்ணீர் காரணமாக இருந்திருந்தால், அதே ஜக்கில் குடித்த அப்பாவுக்கும் ஏதாவது வந்திருக்க வேண்டும். அதோடு, தண்ணீரில் வரும் கிருமிகள் பெரும்பாலும் இவ்வளவு சீக்கிரம் வேலையைக் காட்டாது. அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சாப்பிட்ட இரண்டரை மணி நேரத்துக்குள் மூன்று பேருக்கும் வாந்தி, அதுவும் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட மூன்று பேருக்கு மட்டும் என்றால், என் சந்தேகம் சோற்றின் மேல்தான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கும். அரிசியை வேகவைக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்து சாகாது. வடித்த சோறு ஃப்ரிட்ஜுக்கும் போகாமல், அடுப்பிலும் இல்லாமல் அண்டாவில் கிடந்தால், அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே இருக்கும். அந்தச் சூட்டில் வித்து முளைத்து, பெருகி, சோற்றிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய தீயில் வாணலியைப் போட்டுக் கிளறினாலும் அந்த நஞ்சு அழியாது. ஃப்ரைட் ரைஸ் ஆவி பறக்க வருகிறது, நாமும் நம்பிச் சாப்பிடுகிறோம். காலையில் வடித்த சோற்றை மதியம் மூன்றரைக்கு வறுத்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்பா சாப்பிட்ட தோசை அவர் கேட்ட பிறகு கல்லில் ஊற்றியது. அவர் தப்பியது அதனால்தான்.

ஆகவே வெளியே சாப்பிட உட்காரும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது தீயை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் ஆகிறது? 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் உணவிலும், 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் உணவிலும் கிருமி பெருகுவது அநேகமாக நின்றுவிடும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது எதுவும் எனக்கு வேண்டாம்.

இதை வைத்து மதுரைச் சாப்பாட்டைப் பாருங்கள். இட்லி தட்டிலிருந்து துணியோடு எடுத்து இலையில் விழுகிறது, பயமில்லை. தோசை, ஊத்தப்பம், பணியாரம், ஆம்லெட் எல்லாம் கேட்ட பிறகு ஊற்றுவது. கறி தோசையில் ஏற்கெனவே வெந்த கறியைத்தான் மேலே பரப்புவார்கள். கல்லில் திருப்பிப் போட்டு நன்றாக வேகவிடுகிறார்களா என்று பாருங்கள். சால்னா அடுப்பில் கொதித்துக்கொண்டே இருந்தால் சரி. அடுப்பு அணைந்து, மேலே எண்ணெய் ஆடை கட்டிய பாத்திரத்திலிருந்து மோந்து ஊற்றினால் அது வேறு கதை. பரோட்டாவைச் சின்னப் பிள்ளைக்குச் சால்னா இல்லாமல் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். பகல் பதினொன்றரைக்குப் போனால் முழுச் சாப்பாடு நல்லது; மூன்று மணிக்கு மேல் என்றால் சோற்றை விட்டுவிட்டு டிபனுக்கு மாறிவிடுங்கள்.

சட்னியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நாலு சட்னி இல்லாமல் இட்லி இறங்காது. ஆனால் பச்சையாக அரைத்த தேங்காய்ச் சட்னி வெயில் நேரத்தில் சில மணி நேரம்தான் தாங்கும். நான் புதிய கடைக்குப் போனால் முதலில் பார்ப்பது சட்னி வாளியை. ஒருமுறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காலை பத்தரை மணிக்கு உட்கார்ந்திருந்தேன். வாளியின் விளிம்பைச் சுற்றிக் காய்ந்த மஞ்சள் கோடு. அடியில் நாலு கரண்டி பழைய சட்னி. சப்ளையர் தம்பி உள்ளே போய், புதிதாக அரைத்ததைக் கொண்டுவந்து அதன் மேலேயே ஊற்றி ஒரு கலக்குக் கலக்கினார். ஏழு மணிக்கு அரைத்ததும் பத்தரைக்கு அரைத்ததும் ஒன்றாகிவிட்டன. தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்றுவிட்டுச் சாம்பாரைக் கேட்டேன். வாளியைக் கழுவிவிட்டுப் புதியதை ஊற்றும் கடைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அங்கே வயிறாரச் சாப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் வதக்கி அரைத்த தக்காளிச் சட்னி, காரச் சட்னி. அதுவும் வேண்டாமென்றால் பொடியும் நல்லெண்ணெயும்.

கூட்டம் இருக்கிற கடைக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், காரணத்தோடு. கூட்டம் இருந்தால் பாத்திரம் சீக்கிரம் காலியாகும்; எதுவும் நின்று பழசாகாது. அதே கடையில் கூட்டம் வடிந்த நாலு மணிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்புறம், கல்லாவுக்குப் பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். எண் இருப்பதால் மட்டும் சட்னி கெடாமல் இருக்காது. ஆனால் பிரச்சினை வந்தால் புகார் கொடுக்க அது வேண்டும், அதனால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவதும் நியாயம்தான். வெந்நீர் கேளுங்கள், பெரும்பாலான ஹோட்டல்களில் கொடுப்பார்கள். ஆவி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாக்கித் தருவதில் பயனில்லை. இல்லையென்றால் மூடி உடையாத பாட்டில். பிரியாணியோடு வரும் பச்சை வெங்காயத் தயிர், நறுக்கி வைத்த வெள்ளரிக்காய், தள்ளுவண்டியில் வெட்டி அடுக்கிய பழம் இவற்றை மகளுக்குக் கொடுக்காதீர்கள். கொய்யாவும் வாழைப்பழமும் முழுசாக வாங்கி நீங்களே கழுவியோ உரித்தோ கொடுங்கள்.

ஜிகர்தண்டா கேட்பாள், கேட்கத்தான் வேண்டும். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி அல்லது ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். எல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் ஒன்றும் ஆகாது. சாக்குப் பையில் வைத்து உடைத்த ஐஸ் கட்டியை அள்ளிப் போடுகிற இடத்தில் வேண்டாம். ஐஸில் கிருமி சாவதில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான். சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. நீலச் சாயல் தெரிந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். அப்பாவுக்கு ஆசையாக இருந்தால் மகளின் டம்ளரிலிருந்து இரண்டு ஸ்பூன்.

இனி அப்பா. உண்மையில் அன்று நடந்ததில் என்னைப் பயமுறுத்தியது உங்கள் வாந்தி இல்லை, அவருடைய நடுக்கம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. காலையில் போட்டால் அதன் வேலை நாள் முழுக்க நடக்கும். நீங்கள் மதியம் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. மூன்றரை மணி வரை வயிறு காலியாக இருந்ததால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலோ குளத்தில் இறங்கியிருந்தாலோ என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே மூன்று விஷயம் அவசியம். ஹோட்டலில் இட்லி மேஜைக்கு வந்த பிறகுதான் காலை மாத்திரை. லாட்ஜிலேயே போட்டுவிட்டு, கடை தேடி, இடத்துக்குக் காத்திருப்பது கூடாது. மதியச் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. மீனாட்சி அம்மன் கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். சாத்தியதும் கூட்டம் மொத்தமும் சுற்றியுள்ள மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் இருக்கும் ஹோட்டல்களுக்கு ஒரே நேரத்தில் வரும். இலை கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆகலாம். அதனால் காலையில் சீக்கிரம் தரிசனம் முடித்து, பதினொன்றரைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள். சோறு சூடாக இருக்கும், அப்பாவுக்கும் நேரத்துக்கு ஆகும்.

மூன்றாவது, அவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறியதும் சாப்பாடு. லட்டு, சாக்லேட் அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

இலையில் அவர் முதலில் பொரியலும் கூட்டும் சாப்பிடட்டும், அப்புறம் சோறு. இரண்டாவது சோற்றுக்குக் கை நீட்டும்போது நீங்கள் கொஞ்சம் கண்ணைக் காட்டினால் போதும். பயணத்தில் முதியவரை ஒவ்வொரு வாய்க்கும் அதட்டுவது சரியில்லை.

ராமேஸ்வரம் போகும் நாளுக்கு மட்டும் கட்டிக்கொள்ளுங்கள், அதுவும் சரியானதை. சுமார் 170 கிலோமீட்டர், நாலு மணி நேரம் வரை ஆகலாம். இட்லியை ஆறவைத்து மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக்கொண்டால் மதியம் வரை நிற்கும்; நம் பாட்டிகள் ரயிலுக்குக் கட்டியது அதைத்தான். புளியோதரையும் புளிப்பினாலும் எண்ணெயினாலும் வெறும் சோற்றைவிட அதிகம் தாங்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம். முதல் நாள் அழகர்கோவில் போனால் அங்கே கிடைக்கும் தோசையை வாங்கிக்கொள்ளலாம். நெய்யில் கனமாக வெந்தது, ஈரம் குறைவு, சட்னி தேவையில்லை. வழியில் பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ டீயோடு நின்று அப்பாவுக்குக் கொடுங்கள். வடை, பஜ்ஜி வாங்கினால் செய்தித்தாளில் மடித்துத் தர விடாதீர்கள். சூட்டு எண்ணெயில் அச்சு மை இறங்கும். இலையில் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிறு கெட்டால், ஓஆர்எஸ். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டர், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியைக் கிள்ளி டம்ளரில் போடுவது என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோயாளி என்று அப்பாவுக்கு மறுக்காதீர்கள். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, உப்பைக் குடல் உறிஞ்ச அது தேவை. ஆனால் வாந்தியோ பேதியோ நிற்காமல் போனால் அவருடைய மாத்திரைகளை வழக்கம்போலப் போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் போனில் கேட்டுவிடுங்கள். சாப்பிடாத நாளில் கிளிமிபிரைடு ஆபத்து. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினும் நிறுத்தப்படும். பேதியை நிறுத்தும் மாத்திரையை மகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு போதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

கடைசியாக, இரவுக் கடைகள். தாராளமாகப் போங்கள். இரவு பத்து மணிக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிற தெருவோர இட்லிக் கடை, மத்தியானம் மூன்று மணிக்கு ஏசி ஓடும் ஹோட்டலைவிட என் கணக்கில் பாதுகாப்பானது. அப்பாவை அவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டாம், எட்டு மணிக்கே போய்விடுங்கள். கல்லுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருங்கள். மகளுக்கு ஒரு ஆம்லெட், நன்றாக வேகவிடச் சொல்லி. அப்பாவுக்கு மூன்று இட்லி, சாம்பார். உங்கள் இருவருக்கும் கறி தோசை.