லோரா வழி ஏபிஆர்எஸ்: 100 மில்லிவாட் எப்படி அவ்வளவு தூரம் போகிறது?

ஏபிஆர்எஸ் என்பது ஹாம்கள் (அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள்) இருப்பிடம் போன்ற சிறு தகவல்களை வானலையில் அனுப்பும் முறை. லோரா என்பது குறைந்த சக்தியில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ நுட்பம். 100 மில்லிவாட் லோரா டிராக்கர் அனுப்பும் இருப்பிடம் பல கிலோமீட்டர் தாண்டி எப்படி வரைபடத்தில் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூட்சுமம் வேகத்தைக் குறைப்பதில் இருக்கிறது. வழக்கமான ஏபிஆர்எஸ் வினாடிக்கு 1200 பிட் அனுப்பும். ஐரோப்பிய ஹாம்கள் 433.775 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தும் லோராவில் கிட்டத்தட்ட 300 பிட்தான். ஒவ்வொரு குறியீடும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் முழுக்க மெதுவாக ஏறும் ஒரு கீச்சொலி மாதிரி. அதனால் இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே புதைந்து கிடக்கும் சிக்னலைக்கூட லோரா சிப் தோண்டி எடுத்துவிடும். சாதாரண எஃப்எம் ரிசீவரில் அங்கே வெறும் 'உஸ்ஸ்' தான் கேட்கும்.

அப்புறம், முழுத் தூரத்தையும் வானலை கடப்பதில்லை. உயரத்தில் இருக்கும் டிஜிபீட்டர் எனும் மறுஒலிபரப்பு நிலையம், தான் கேட்டதை வானலையிலேயே திருப்பிச் சொல்லும். ஐகேட் எனும் இணைய இணைப்புள்ள நிலையம் அதை இணையம் வழியாக ஏபிஆர்எஸ்-ஐஎஸ் (ஏபிஆர்எஸ்ஸின் இணையப் பிணையம்) சர்வர்களுக்குத் தள்ளும். வரைபடம் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

சரி, இதற்கு என்ன விலை? ஒரு சின்னச் செய்திக்கே அலைவரிசை இரண்டு வினாடி அளவுக்கு அடைபட்டுவிடும். ஆகவே 10 வினாடிக்கு ஒருமுறை அனுப்பாதீர்கள். நகரும்போதும் திரும்பும்போதும் மட்டும் அனுப்பும்படி அமையுங்கள். ஆளுக்கொரு டிஜிபீட்டர் போடுவது இன்னும் மோசம், ஒரே செய்தி எதிரொலித்துக்கொண்டே இருக்கும்.