மெஷினை மாட்டிவிட்டுப் போனால் ஒரு கோடு, கூடவே நின்றால் வேறு கோடு

அமெரிக்க பிசிக்கல் தெரபி பில்லிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கோடு (code) என்பது ஒவ்வொரு சிகிச்சைக்கும் பில்லில் போடும் எண்; யூனிட் என்பது அந்தக் கோடை எத்தனை அளவு பில் போடுகிறோம் என்பது. மெடிகேர் முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்.

கேள்வி: நோயாளியின் இடுப்பிலும் முழங்காலிலும் பேட் ஒட்டி 30 நிமிடம் எலக்ட்ரிக்கல் ஸ்டிமுலேஷன் (மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை) கொடுத்தார்கள். இரண்டு இடம், அரை மணி நேரம் என்பதால், ஆள் கூடவே நிற்காத ஸ்டிமுலேஷனுக்கான 97014-ல் 2 யூனிட் போட்டோம். மெடிகேர் எங்கள் கிளெய்மை (பணம் கேட்டு அனுப்பிய பில்லை) திருப்பிவிட்டது. ஏன்?

பதில்: இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதலில் கோடு. 97014-ஐ மெடிகேர் ஏற்பதே இல்லை. புண் ஆற்றுவதற்காக இல்லாமல், ஆள் கூடவே நிற்காமல் கொடுக்கும் ஸ்டிமுலேஷனுக்கு அங்கே ஜி0283 போட வேண்டும். தனியார் இன்சூரன்ஸ்களில் சில 97014-ஐ ஏற்கும், சில ஜி0283 கேட்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து யூனிட். 97010 முதல் 97028 வரை உள்ளவை மேற்பார்வை மட்டும் போதுமான சிகிச்சைகள்: ஒத்தடம், மெஷின் ட்ராக்ஷன், பாரஃபின், வேர்ல்பூல், டயாதெர்மி போன்றவை. இவற்றுக்கு நேரக் கணக்கு கிடையாது. 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகள்' என்பது கோடின் விளக்கத்திலேயே இருக்கிறது. இடுப்பு, முழங்கால், தோள் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்தாலும் அன்றைக்கு 1 யூனிட்தான். ஒத்தடத்துக்கான 97010-க்கு மெடிகேர் தனியாக ஒன்றும் தராது. மற்ற சிகிச்சைக்கான தொகையிலேயே அதுவும் அடங்கிவிடுகிறது. அதை நோயாளியிடம் தனியாக வசூலிக்கவும் கூடாது.

கேள்வி: தெரபிஸ்ட் அறையிலேயே இருந்தால், கூடவே நின்று கொடுக்கும் ஸ்டிமுலேஷனுக்கான 97032 போடலாமா?

பதில்: போடக்கூடாது. 97032 முதல் 97039 வரையிலான வரிசைக்குத் தெரபிஸ்ட் நோயாளியோடு நேருக்கு நேர், இடைவிடாமல் இருந்து வேலை செய்ய வேண்டும். அறைக்குள் இருப்பது கணக்கில் வராது. புரோபை (மின்சாரம் செலுத்தும் முனையை) கையில் பிடித்துத் தசையின் மோட்டார் பாயிண்ட்டை (தசை எளிதில் தூண்டப்படும் இடத்தை) தேடுவது, சுருக்கத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பது, இதெல்லாம் 97032. பேட் ஒட்டி, டைமர் வைத்து, நோயாளி படுத்திருக்க, தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதினால் அது ஜி0283. கையால் செய்ய வேண்டியிருந்த காரணம் நோட்டில் இல்லையென்றால், ஆடிட்டில் முதலில் அடிபடுவது இந்தக் கோடுதான்.

அதே நிமிடங்களை இரண்டு நோயாளிகளுக்குக் காட்ட முடியாது. ஒரே நோயாளிக்கு இரண்டு கோடுகளிலும் காட்ட முடியாது. அல்ட்ராசவுண்டும் ஸ்டிமுலேஷனும் சேர்ந்த ஹெட்டை (கருவியின் முனையை) 8 நிமிடம் ஓட்டினால், அல்ட்ராசவுண்டுக்கான 97035 மட்டும் போடுங்கள்.

கேள்வி: 8 நிமிட விதி என்கிறார்கள். ஒரே விசிட்டுக்கு மெடிகேரில் ஒரு கணக்கும் தனியாரில் வேறு கணக்கும் வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும், ஏனென்றால் கூட்டும் முறையே வேறு. மெடிகேர் அன்றைய நேரக் கோடுகளின் (யூனிட்டுக்கு 15 நிமிடம் என்று கணக்கிடும் கோடுகளின்) நிமிடங்களை எல்லாம் முதலில் கூட்டும். 8 முதல் 22 வரை 1 யூனிட், 23 முதல் 37 வரை 2, 38 முதல் 52 வரை 3, 53 முதல் 67 வரை 4. பிறகுதான் அந்த யூனிட்களைக் கோடுகளுக்குப் பிரிக்க வேண்டும். பல தனியார் நிறுவனங்கள் பின்பற்றும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறையில் ஒவ்வொரு சேவையும் தனித்தனியாக 8 நிமிடத்தைத் தொட வேண்டும். மிச்ச நிமிடங்களைச் சேர்க்க முடியாது.

உடற்பயிற்சி (97110) 33 நிமிடம், கையால் செய்யும் மேனுவல் தெரபி (97140) 7 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மெடிகேருக்கு மொத்தம் 40, அதாவது 3 யூனிட். 33-ல் முழு 15 இரண்டு, அது 97110-க்கு 2 யூனிட். மிச்சம் 3 நிமிடம், மேனுவல் 7 நிமிடம், கூட்டினால் 10. மூன்றாவது யூனிட் இதில் அதிக நிமிடம் உள்ள 97140-க்குப் போகும். தனியார் முறையில் 97110-க்கு 2 யூனிட் மட்டுமே, 7 நிமிட மேனுவலுக்கு ஒன்றும் இல்லை.

எல்லா நாளும் மெடிகேர் முறையில்தான் கூடுதல் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட், பயிற்சி, மேனுவல் மூன்றும் தலா 8 நிமிடம் என்றால் மொத்தம் 24. மெடிகேருக்கு 2 யூனிட்தான், தனியார் முறையில் 3. இந்த மூன்றை மெடிகேருக்கு அனுப்பினால் ஒரு யூனிட் அதிகமாக பில் போட்டதாகிவிடும். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு இன்சூரன்ஸுக்கும் எந்த முறை என்பதைச் சரியாக அமைத்து வைப்பது அதனால்தான் முக்கியம். நாங்கள் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

கேள்வி: உதவியாளர் அல்ட்ராசவுண்ட் கொடுத்தால்?

பதில்: யார் அந்த உதவியாளர் என்பதைப் பொறுத்தது. உரிமம் பெற்ற பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் என்றால் ஜிபி மாடிஃபையரோடு (பிசிக்கல் தெரபி என்று காட்ட, கோடுடன் சேர்க்கும் எழுத்துகள்) அசிஸ்டென்ட் செய்ததைக் காட்டும் சிக்யூவும் சேர்த்து பில் போடலாம். 2022 முதல் மெடிகேர் அதற்கு வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் கணக்கிடுகிறது. உரிமம் இல்லாத உதவி ஆள் (எய்ட்) கொடுத்ததற்கு மெடிகேரில் பில் போடவே கூடாது.

கேள்வி: நோட்டில் என்னென்ன நிமிடங்கள் எழுத வேண்டும்?

பதில்: மெடிகேருக்கு இரண்டு எண்கள் கட்டாயம்: நேரக் கோடுகளின் மொத்த நிமிடம், மேற்பார்வைச் சிகிச்சையையும் சேர்த்த மொத்தச் சிகிச்சை நேரம். ஜி0283 15 நிமிடம், அல்ட்ராசவுண்ட் 8, பயிற்சி 20, மேனுவல் 12 என்றால் 'நேரக் கோடுகள் 40, மொத்தம் 55' என்று வரும். அந்த 15-ஐ 40-ல் சேர்த்துவிட்டால் 3 யூனிட் 4 ஆகிவிடும். கிளெய்ம் அங்கேயே பிசகிவிடும். நோயாளி காத்திருந்த நேரம், ஓய்வு எடுத்த நேரம், கழிவறைக்குப் போன நேரம் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி நிமிடம் எழுதச் சொல்லி மெடிகேர் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் எழுதுங்கள். தனியார் முறையில் அந்த எண்கள் இல்லாமல் யூனிட் கணக்கே போட முடியாது.