லோடு வச்சு கரடுமுரடான ரோட்டுல போக எந்த ரிம் வாங்கலாம்? (கேள்வி-பதில்)

கேள்வி: வணக்கங்ணா, கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன். வர்ற ஜூலைல ஹிமாச்சல்ல மணாலில இருந்து குன்ஸும் பாஸ் (மலைக் கணவாய்) ஏறி ஸ்பிதில இருக்கற காஸா ஊர் வரைக்கும் சைக்கிள்ல போலாம்னு இருக்கேன். ஸ்டீல் ஃப்ரேம், 700சி வீல், வி-பிரேக், 32 கம்பி. என் எடை 82 கிலோ, பின்னாடி ரெண்டு பேனியர் பை, டென்ட், ஸ்டவ் எல்லாம் சேத்தா லோடு 22 கிலோ கிட்ட வரும். சும்மா ட்ரையல் பாக்கலாம்னு அதே லோடோட வால்பாறை போனேன், போய்ட்டு வர்றதுக்குள்ள பின்வீல்ல ரெண்டு போக்ஸ் கம்பி கட். கடைல "டபுள் வால் (ரெட்டைச் சுவர்) அலாய் ரிம் போட்டா போதும்"ங்கறாங்க, கூட ஓட்டற நண்பர் வெலாசிட்டி கிளிஃப்ஹேங்கர் ரிம்மை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சுக்கோங்கறார், இன்னொருத்தர் கார்பன்ங்கறார். எதைத்தாங்ணா வாங்கறது?

பதில்: ரிம் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கம்பி ஏன் அறுந்துச்சுன்னு பாத்துருவோம், அது தெரியாம எவ்ளோ காசு குடுத்து ரிம் வாங்கினாலும் காஸா போறதுக்குள்ள மூணாவது கம்பியும் அறுந்துரும். எந்தப் பக்கம்னு நீங்க எழுதல, ஆனா அனேகமா செயின் இருக்குற பக்கம், வீல் நடுவுல இருக்குற ஹப்புக்குள்ள நுழைஞ்சு வளையுற அந்தக் கழுத்துலதான் போயிருக்கும்.

வீல்ல கம்பி ஒவ்வொண்ணும் ரிம்மை உள்ளாற இழுத்துப் புடிச்சுட்டு இருக்கு. வீல் சுத்தும்போது கீழ வர்ற கம்பில இழுவை குறையும், தரையை விட்டு மேல போனதும் பழையபடி ஏறும். கம்பி நல்லா டைட்டா இருந்தா இதால ஒண்ணும் ஆகாது. லூசா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் கழுத்து ஆடும், உங்க சைஸ் வீல் ஒரு கிலோமீட்டருக்கு 450 தடவைக்கு மேல சுத்துது, கையில ஒரு கம்பியை வச்சு முன்ன பின்ன மடக்கிட்டே இருந்தா என்ன ஆகுமோ அதேதான் அங்கயும் நடக்குது. சைக்கிளோட வந்த வீல் பெரும்பாலும் மெஷின்ல கோத்தது, டென்ஷன், அதாவது கம்பியோட இழுவை, கம்மியாவும் ஒரே சீரா இல்லாமயும் வர்றது சகஜம். அதுவும் போக பின்வீல்ல ஒரு பக்கம் கேசட் (பல்சக்கர அடுக்கு) இடத்தை அடைச்சுக்குது, அதனால வலது பக்கம் கம்பி நெட்டுக்குத்தலா நிக்கும், இடது பக்கம் சரிஞ்சு நிக்கும், வலது பக்க டென்ஷன்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இடது பக்கத்துக்குக் கிடைக்கும். அதுக்கு மேல உங்க லோடு மொத்தத்தையும் பின்னாடியே ஏத்தியிருக்கீங்க. முன்வீலுக்குப் பக்கத்துல தாழ்வா மாட்டற லோரைடர் ரேக் ஒண்ணு போட்டு ஏழெட்டு கிலோவை அங்க மாத்துங்க, பின்வீலுக்கு அதுவே பெரிய நிம்மதி.

சரி, அப்ப ரிம் எதுக்கு ஸ்ட்ராங்கா இருக்கணும்? ரிம் கனமா விறைப்பா இருந்தா கீழ இருந்து வர்ற அடியை அக்கம்பக்கத்துல இருக்குற ஏழெட்டு கம்பிக்கு பிரிச்சுக் குடுக்கும், மெலிசா இருந்தா ரெண்டு மூணு கம்பி மட்டுமே வாங்கிக்கும். அதனால கடைக்குப் போனா முதல்ல எடை கேளுங்க. லோடு வச்சுப் போற 700சி ரிம்முன்னா 550 கிராமுக்கு மேல இருக்கணும், 700 இருந்தாலும் பரவால்ல, 450 கிராம் ரோட் ரிம்மை என்ன ஆஃபர்ல குடுத்தாலும் எடுக்காதீங்க. அடுத்து கம்பி மாட்டற ஓட்டை, 36 இருக்கணும். உங்க ஹப் 32ன்னு எழுதியிருக்கீங்க, 36 ஓட்டை ரிம்முக்கு 36 ஓட்டை ஹப்தான் பொருந்தும், அதனால ஹப்பும் சேத்து மாத்தணும், செலவு இருக்கு, ஆனா உங்க எடைக்கும் லோடுக்கும் பின்வீல்ல மட்டுமாவது இதைப் பண்ணிருங்க. முன்வீல் 32லயே ஓடட்டும்.

டபுள் வால்னு கடைக்காரர் சொன்னா நம்பி வாங்காதீங்க, ரிம் டேப்பைக் கழட்டிப் பாருங்க. டயர் உக்கார்ற பக்கம் பெரிய ஓட்டையும், அதுக்கு நேர் கீழ கம்பி வர்ற பக்கம் சின்ன ஓட்டையும், நடுவுல பெட்டி மாதிரி காலி இடமும் இருந்தா அது டபுள் வால். கம்பி முனையை ரிம்முல புடிக்கற நிப்பிளோட தலை நேரா கண்ணுக்கு முன்னாடியே உக்காந்திருந்தா சிங்கிள் வால், அதோட பேச்சை முடிச்சுக்கலாம். சின்ன ஓட்டைக்கு ஐலெட் (உலோக வளையம்) இருந்தா நல்லது, நிப்பிள் சுலபமா திரும்பும், ஓட்டையைச் சுத்தி விரிசல் விழறதும் குறையும், இல்லாட்டியும் அந்த இடம் தடிமனா இருந்தா ஓகே. வால்வ் ஓட்டைக்கு நேர் எதிர்ப்பக்கம் ரிம் ஜாயின்ட் இருக்கும், அங்க விரலை வச்சு தடவுங்க, படி தட்டக் கூடாது, தட்டினா பிரேக் புடிக்கும்போது ஒவ்வொரு சுத்துக்கும் டக் டக்னு இழுக்கும்.

உங்களுக்கு முக்கியமா ஒண்ணு, வி-பிரேக்குக்கு பக்கவாட்டுல பிரேக் கட்டை உரசுற மட்டமான பரப்பு வேணும். இப்ப வர்ற நல்ல ரிம்முங்க நிறைய டிஸ்க்குக்கு மட்டும், அந்தப் பரப்பே இருக்காது, பெயின்ட் பண்ணி வளைவா இருக்கும். விலை கம்மியா கிடைக்குதேன்னு அதை வாங்கி வி-பிரேக்ல மாட்டாதீங்க, பிரேக் ஒழுங்கா புடிக்காது.

அகலம் பாக்கறது எப்படின்னா ரிம்முல 622-19, 622-21னு ஸ்டிக்கர் இருக்கும், 622 விட்டம், பின்னாடி வர்றது உள் அகலம், ரெண்டும் மில்லிமீட்டர். கிராம்ஃபூல இருந்து சத்ரு, பாதல் வரைக்கும் ஆத்துக் கல்லு மேலயும் ரோட்டைத் தாண்டி ஓடுற பனித்தண்ணி மேலயும்தான் போகப் போறீங்க, அங்க 45 மிமீக்கு மேல டயர் வேணும், அதுக்கு 19ல இருந்து 25 வரைக்கும் உள் அகலம் சரியா இருக்கும். உங்க ஃப்ரேம்ல அவ்ளோ பெரிய டயர் நுழையுமான்னு அளந்து பாத்துட்டு வாங்குங்க. 47 மிமீ டயர்ல பின்னாடி 45 பிஎஸ்ஐ வச்சு ஓட்டினா ரிம்முக்கு வர்ற அடில பெரும்பங்கு டயரே வாங்கிக்கும், 28 மிமீ டயரைக் கல்லு மாதிரி அடிச்சு ஓட்டினா உலகத்துல எந்த ரிம்மும் தாங்காது. உயரத்துக்குப் போனா டயர் வெடிச்சிரும்னு யாராவது பயமுறுத்தினா கண்டுக்காதீங்க, 4,500 மீட்டர்ல காத்தழுத்த வித்தியாசத்தால ஏறறது ஆறேழு பிஎஸ்ஐதான்.

இப்ப பேருக்கு வரேன். லோடு டூரிங் போறவங்க உலகம் பூரா நம்பறது நெதர்லாந்து ரைடு கம்பெனியோட ஆண்ட்ரா, ஸ்புட்னிக், உங்க நண்பர் சொன்ன வெலாசிட்டி கிளிஃப்ஹேங்கர், சன் ரிங்லே ரைனோ லைட், இதெல்லாம். மாவிக் ஏ719ஐப் பத்தி நிறைய பேர் பெருமையா பேசுவாங்க, அது இப்ப தயாரிப்புலயே இல்ல, பழைய ஸ்டாக்குன்னு அதிக விலை சொன்னா விட்டுருங்க. கிளிஃப்ஹேங்கர் அருமையான ரிம், சந்தேகமே வேணாம். ஆனா ரிம் விலையை மட்டும் பாத்து கணக்குப் போடாதீங்க, பெட்டி பெருசுங்கறதால கூரியரும், அதுக்கு மேல சுங்க வரியும் சேந்து கடைசில வர்ற தொகை வேற மாதிரி இருக்கும், வழில நெளிஞ்சு வந்துட்டா திருப்பி அனுப்பறது இன்னும் கொடுமை.

நான் உங்க இடத்துல இருந்தா இங்கயே கிடைக்கற 29 இஞ்ச் எம்டிபி (மலை சைக்கிள்) ரிம்தான் தேடுவேன். 29 இஞ்சும் 700சியும் ஒரே விட்டம், ரெண்டும் 622, நிறைய கடைக்காரங்களே இதை வேற வேறன்னு நினைச்சு இல்லைன்னு சொல்லிடறாங்க. 36 ஓட்டை, டபுள் வால், பிரேக் பரப்பு இருக்குற ரிம் ஒண்ணு, ஷிமானோ டியோர் தரத்துல கேசட் சொருகற 36 ஓட்டை ஃப்ரீஹப் ஒண்ணு. திருகி மாட்டற ஃப்ரீவீல் ஹப் வேணவே வேணாம், அதுல வலது பக்க பேரிங் உள்ள தள்ளி இருக்கறதால லோடுல ஆக்ஸில் வளைஞ்சிரும். கம்பி ஸ்டெயின்லெஸ், ரெண்டு முனைலயும் 2 மிமீ, நடுவுல 1.8 இருக்குற பட்டட் கம்பி, ஒவ்வொரு கம்பியும் மத்த மூணு கம்பியைக் குறுக்க தாண்டற 3 கிராஸ் கோர்வை, பித்தளை நிப்பிள்.

மிச்சம் புடிக்கற காசு மொத்தத்தையும் வீல் கோக்கறவர் கையில குடுங்க, உங்க வீல் தாங்குமா தாங்காதாங்கறது அவர் கையிலதான் இருக்கு. டென்ஷன் மீட்டர் வச்சிருக்கறவரா பாருங்க, வலது பக்கம் 110 கிலோ வாக்குல, ரிம் கம்பெனி சொல்ற அளவைத் தாண்டாம, ஒரே சீரா வைக்கச் சொல்லுங்க. கோட்டம் எடுத்து முடிச்சதும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியா கையால இறுக்கி அமுக்கிவிட்டு திரும்ப ஒரு தடவை கோட்டம் பாக்கணும், இதைப் பண்ணாம குடுக்கற வீல் முதல் வாரத்துலயே நெளியும். வீட்டுக்கு வந்ததும் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால மீட்டிப் பாருங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம் குடுக்கணும், ஒண்ணு மட்டும் டொக்குன்னு கேட்டா திருப்பி எடுத்துட்டுப் போங்க. லோடோட ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒரு செக், அதுக்கப்புறம்தான் ரயில்.

கார்பன் இந்த ட்ரிப்புக்கு வேணாம். பெரிய இறக்கத்துல பிரேக் புடிச்சுட்டே வந்தா ரிம் சூடாகும், கார்பனுக்கும் ரிம் பிரேக்குக்கும் அங்கதான் ஆகாது, அதுவும் போக அலுமினியம் கல்லுல அடிச்சு நெளிஞ்சா தட்டி நிமித்தி அடுத்த ஊர் வரைக்கும் உருட்டிரலாம், கார்பன் விரிஞ்சா விரிஞ்சதுதான்.

கையோட எடுத்துட்டுப் போக வேண்டியது: முன்வீல், பின் இடது, பின் வலது மூணுக்கும் கம்பி நீளம் வேற, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு எடுத்து ஃப்ரேம்ல டேப் போட்டு ஒட்டிருங்க. நிப்பிள் கீ, கேசட் கழட்டற டூல் கண்டிப்பா. செயின் பக்கக் கம்பி அறுந்தா கேசட் கழட்டாம புதுசு நுழைக்க முடியாது, குன்ஸும் மேல அந்த டூலை இரவல் கேக்க ஆள் இருக்க மாட்டாங்க.

கேள்வி: இதே மாதிரி ட்ரிப்புக்கு 26 இஞ்ச் வீல்தான் பெஸ்ட், எங்கயும் டயர் கிடைக்கும்னு சொல்றாங்களே, 700சி ஃப்ரேம்ல 26 ரிம் போட்டுக்கலாமா? (மதுரை)

பதில்: 26 இஞ்ச் நல்ல சைஸ்தான், வீல் சின்னதுங்கறதால அதே ரிம் அதே கம்பில இன்னும் விறைப்பா இருக்கும், நம்ம ஊர்ல சின்ன டவுன் சைக்கிள் கடைலயும் 26க்கு 1.95 டயர் தொங்கும். ஆனா உங்க ஃப்ரேம் வி-பிரேக்கா இருந்தா பிரேக் உக்கார்ற இடம் 622 ரிம்முக்கு அளந்து வச்சது, 559 ரிம் 31 மிமீ கீழ இறங்கிரும், கட்டை எட்டவே எட்டாது. டிஸ்க் பிரேக்னா மாட்ட முடியும், ஆனா பெடல் தரைக்குக் கிட்ட வந்துரும், கல்லுல இடிக்கும். இருக்குற 700சிலயே ஒரு மடக்கற டயரை எக்ஸ்ட்ராவா எடுத்துட்டுப் போறது சுலபம். ரிம் வாங்கும்போது வால்வ் ஓட்டை பெருசா, கார் டயர் வால்வ் நுழையற மாதிரி இருக்கறதா எடுங்க, லாரிக்குப் பஞ்சர் ஒட்டற கடைல கூட காத்து அடிச்சுக்கலாம்.

கேள்வி: சார், ஆன்லைன்ல "டபுள் வால், 36 ஓட்டை"ன்னு போட்டிருந்த ரிம் ஆர்டர் பண்ணேன், வந்தது சிங்கிள் வால். திருப்பி எடுக்க மாட்டோம், பேக்கிங் பிரிச்சுட்டீங்கங்கறாங்க. (திருச்சி)

பதில்: பேக்கிங் பிரிக்காம டபுள் வாலான்னு எப்படிப் பாக்கறது? இந்தச் சாக்கு செல்லாது. 2020 ஈ-காமர்ஸ் நுகர்வோர் விதிகள் தெளிவா சொல்லுது, விளம்பரத்துல சொன்ன அம்சம் பொருள்ல இல்லன்னா விக்கிறவங்க திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. அந்தப் பொருளோட பக்கத்தை இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருங்க, நாளைக்கு மாத்திருவாங்க. ரிம் டேப் இல்லாம உள்பக்கம் தெரியற மாதிரி ஃபோட்டோ, பில், அவங்க மறுத்த மெசேஜ் எல்லாத்தையும் சேத்து எழுத்துல ஒரு தடவை கேளுங்க. அசையலன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுங்க. அதுலயும் தீரலன்னா திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்கு போடலாம், 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போட உரிமை இருக்கு, குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். முக்கியமா, அந்த ரிம்ல கம்பி கோத்துராதீங்க.

கேள்வி: பழைய டூரிங் சைக்கிள் ஒண்ணு விலைக்கு வருது, ரிம் நல்லா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

பதில்: வெளிச்சத்துல வச்சு பின் ரிம்ல ஒவ்வொரு நிப்பிளையும் சுத்திப் பாருங்க, மயிரிழை விரிசல் ஒண்ணு இருந்தாலும் ரிம் மாத்தற செலவை விலைல கழிச்சுக் கேளுங்க. ரிம் பிரேக்கா இருந்தா பிரேக் பரப்புல ஸ்கேலை வச்சுப் பாருங்க, நடுவுல குழிஞ்சிருந்தா தேய்ஞ்சிருக்கு. சில ரிம்ல தேய்மானம் காட்ட சின்னக் குழி புள்ளியோ கோடோ இருக்கும், அது மறைஞ்சிருந்தா ரிம்முக்கு ஆயுசு முடிஞ்சுது, பக்கச் சுவர் 1 மிமீக்குக் கீழ போனது காத்து அடிக்கும்போதே பிளந்துக்கலாம். மழைலயும் மண்ணுலயும் ஓட்டினது இன்னும் சீக்கிரம் தேயும், பிரேக் கட்டைல அலுமினியத் துணுக்கு பதிஞ்சிருக்கான்னும் பாத்துக்கோங்க.