முதல்வருக்குப் பெரும்பான்மை இல்லை என்று ஆளுநரே முடிவு செய்ய முடியாதா?

முடியாது. அதற்கு விடை கிடைத்ததே எங்கள் பெங்களூரில் நடந்த ஒரு கூத்தால்தான்.

1989 ஏப்ரல். கர்நாடக முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை. ஆதரவை விலக்கிக்கொள்வதாக 19 எம்.எல்.ஏ.க்களின் பெயரில் ஆளுநருக்குக் கடிதங்கள் போயின. அவர்களில் சிலர் உடனே பல்டி அடித்து, பொம்மை பக்கமே நிற்பதாகச் சொன்னார்கள். சபையைக் கூட்டி நிரூபிக்கிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் ஏற்கவில்லை. ஆட்சி கலைந்தது.

1994 மார்ச் 11-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: தலைகளை எண்ணும் இடம் சட்டசபை, ராஜ்பவன் அல்ல. மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர, அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவின்படி வரும் அறிவிப்பையும் நீதிமன்றம் ஆராயலாம். பொம்மைக்குப் பதவி திரும்பவில்லை என்பது வேறு விஷயம். ஐந்து வருஷம் ஓடிவிட்டதே!

சரி, இதனால் என்ன பயன்? 2018 மே மாதம் பாருங்கள். பெரும்பான்மைக்குக் குறைவான 104 இடங்களோடு எடியூரப்பா கர்நாடக முதல்வராகப் பதவியேற்றார்; பெரும்பான்மையை நிரூபிக்க ஆளுநர் 15 நாள் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் மே 19-ஆம் தேதியே வாக்கெடுப்பு என்றது. அன்று அல்சூரில் டீக்கடை டிவி முன்னால் நாங்கள் கூட்டமாக நின்றோம். பக்கத்தில் இருந்த பெரியவர், "குதிரை பேரத்துக்கு நேரமே இல்லாமப் போச்சு" என்று சிரித்தார். வாக்கெடுப்புக்கு முன்பே முதல்வர் ராஜினாமா செய்துவிட்டார்.

பேரம் அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கை இப்போது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது.