அக்வாரியத்துக்கு டிக்கெட் எடுத்துப் போவது வீண் செலவா?

"அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, வெறும் மீன்தானே" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை நாள் மதியம் போயிருப்பீர்கள். கூட்டம் தள்ளத் தள்ள நகர்ந்து, தொட்டிக்கு ஒரு போட்டோ எடுத்து, கடைசியில் பொம்மைக் கடை வழியாக வெளியே வந்திருப்பீர்கள். அப்படிப் போனால் வீண் செலவுதான், மறுக்கவில்லை.

நான் என் பெண்ணை ஒரு வேலைநாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே கூட்டிப்போனேன். சுறாவைப் பார்க்க ஓடுவாள் என்று நினைத்தால், மூலையில் வெறும் மணலாகத் தெரிந்த ஒரு சின்னத் தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். "அப்பா, இதுல ஒண்ணுமே இல்லை." கொஞ்சம் பொறு என்று சொல்லி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் மணலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. விரல் தடிமன்கூட இல்லை. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி முழுக்கப் புள்ளி போட்ட கம்பிகளாக எழுந்து, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. கார்டன் ஈல் என்கிற விலாங்கு வகை. வாலைப் பொந்துக்குள் வைத்துக்கொண்டு, நீரோட்டத்தில் மிதந்து வரும் மிகச் சிறிய உயிரினங்களை நின்ற இடத்திலேயே பிடித்துத் தின்னும்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து மோதிரக் கையால் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினார். அவ்வளவுதான், மறுபடியும் வெறும் மணல். "காலித் தொட்டி" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்!

இவை அவ்வளவு கூச்சம். 2020இல் டோக்கியோவின் சுமிதா அக்வாரியம் கொரோனாவால் மூடிக் கிடந்தபோது, அங்கிருந்த கார்டன் ஈல்கள் மனித முகம் மறந்துபோய் ஊழியர்களைக் கண்டாலே ஒளிந்துகொண்டன. கடைசியில், வீடியோ கால் போட்டு இவற்றுக்கு முகம் காட்டுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

"உயிர்களை அடைத்து வைப்பது பாவம்" என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: திமிங்கிலம், டால்பின் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். பொந்தை விட்டு நகராத விலாங்கையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வேலைநாளில் போங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், லீவு யார் தருவது? மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன். "மீன் பார்க்கவா?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். காய்ச்சல் என்று பொய் சொன்னால் உடனே லீவு, உண்மையைச் சொன்னால் விசாரணை. என் கணக்கில் இருக்கும் லீவுக்கு எதற்கு ஐயா காரணம்? சரி, அது தனிக் கதை.

இரை போடும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெல்லி மீன் தொட்டி ஏன் வட்டமாக இருக்கிறது என்று குழந்தையை யோசிக்கச் சொல்லுங்கள். மூலை இருந்தால் அதில் ஒதுங்கி அடிபட்டுவிடும், அதனால்தான் தண்ணீரையே சுழல விட்டிருக்கிறார்கள். ஃபிளாஷை மறக்காமல் அணைத்துவிடுங்கள். மீனுக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக, ஏனென்றால் போட்டோவில் வெள்ளைத் திட்டுதான் விழும்.